1.3 மல்டிஜெட் டீசல் பொறி

1.3 மல்டிஜெட் என்பது இத்தாலியின் பியட் நிறுவனம் உருவாக்கிய, 1248 கன செ.மீ. கொள்ளளவும் நான்கு உருளைகளும் கொண்ட டர்போ டீசல் பொறி ஆகும். 2003 ஆம் ஆண்டில் ஐரோப்பாவில் அறிமுகமான இப்பொறி, இந்தியாவில் 2007 முதல் 2020 வரை மாருதி சுசூக்கி, டாட்டா மோட்டார்ஸ், பியட், செவ்ரோலெட், பிரீமியர் ஆகிய ஐந்து வணிகப் பெயர்களில் விற்கப்பட்ட தானுந்துகளில் பொருத்தப்பட்டது. ஒவ்வொரு நிறுவனமும் இதற்குத் தனித்தனிப் பெயர் சூட்டியது. இவ்வாறு பரவலாகப் பயன்பட்டதால் இந்திய வாகன இதழ்கள் இதனை "தேசியப் பொறி" என்று வேடிக்கையாகக் குறிப்பிட்டன.

இந்தியாவில் இப்பொறியுடன் புதிய தானுந்துகள் தற்போது விற்கப்படுவதில்லை. எனினும் பழைய தானுந்துகள் பெருமளவில் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஆகையால் ஒரு தானுந்தில் உள்ளது இப்பொறிதானா, எந்த வகை, எந்தப் பாகம் எதற்குப் பொருந்தும் என்பவற்றை அறிவது உரிமையாளர்களுக்கும் பட்டறைகளுக்கும் நடைமுறைத் தேவையாக உள்ளது. பொறியின் உட்பகுதி பெரும்பாலும் பொதுவானது. வெளிப்பகுதி தானுந்துக்குத் தானுந்து வேறுபடுவது. இவ்வேறுபாட்டை அறியாமையே தவறான பாகம் வாங்கப்படுவதற்கு முதன்மைக் காரணமாகும்.

வரலாறு

டீசலை மிகுந்த அழுத்தத்தில் ஒரு பொதுக் குழாயில் தேக்கி, அதிலிருந்து மின்னணுக் கட்டுப்பாட்டின் மூலம் ஒவ்வோர் உருளைக்கும் செலுத்தும் முறை "காமன் ரெயில்" எனப்படும். இம்முறையின் தொடக்க ஆய்வுகளில் பியட் குழுமத்திற்குப் பெரும் பங்கு உண்டு. பின்னர் இத்தொழில்நுட்பம் செருமனியின் போஷ் நிறுவனத்திடம் கைமாறி, உற்பத்திக்கு ஏற்றவாறு முழுமை பெற்றது. 1997 இல் வெளிவந்த ஆல்ஃபா ரோமியோ 156 இம்முறையைக் கொண்ட முதல் பயணியர் தானுந்தாகக் கருதப்படுகிறது.

2000 ஆம் ஆண்டில் பியட்டும் அமெரிக்காவின் செனரல் மோட்டார்சும் பொறிகளைக் கூட்டாகத் தயாரிக்க ஒப்பந்தம் செய்தன. இக்கூட்டு 2005 இல் முடிவுக்கு வந்தபோதும், அதன் காலத்தில் உருவான 1.3 மல்டிஜெட் பொறியை இரு குழுமங்களும் தொடர்ந்து பயன்படுத்தின. போலந்தின் பியல்சுகோ-பியாவா நகரில் இதன் உற்பத்தி தொடங்கியது. 2005 ஆம் ஆண்டின் பன்னாட்டுப் பொறி விருதுகளில், 1 முதல் 1.4 லிட்டர் வரையிலான பிரிவில் இப்பொறி விருது பெற்றது.

இந்தியாவில் பரவல்

இந்திய நடுவண் அரசு 2006 ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில் சிறிய தானுந்துகளுக்கான உற்பத்தி வரியை 24 விழுக்காட்டிலிருந்து 16 விழுக்காடாகக் குறைத்தது. நீளம் 4 மீட்டருக்கு மிகாமலும், டீசல் பொறி 1500 கன செ.மீ. கொள்ளளவுக்கு மிகாமலும் இருக்க வேண்டும் என்பது இச்சலுகைக்கான வரையறை. 1248 கன செ.மீ. கொண்ட இப்பொறி அவ்வரையறைக்குள் எளிதாக அடங்கியது. அக்காலத்தில் டீசல் விலை அரசின் கட்டுப்பாட்டில் இருந்தது. 2010 சூனில் பெட்ரோல் விலைக் கட்டுப்பாடு நீக்கப்பட்ட பின் இரு எரிபொருட்களுக்கும் இடையிலான விலை வேறுபாடு கூடி, டீசல் தானுந்துகளுக்குத் தேவை பெருகியது. 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாடும் நீக்கப்பட்டது.

இந்தியாவில் இப்பொறி இரண்டு முதன்மை இடங்களில் தயாரானது. அரியானா மாநிலம் மானேசரில் சுசூக்கி பவர்டிரெயின் இந்தியா நிறுவனம் பியட்டின் உரிமம் பெற்று இதனைத் தயாரித்தது. அந்நிறுவனம் பின்னர் மாருதி சுசூக்கியுடன் இணைக்கப்பட்டது. மகாராட்டிர மாநிலம் புனேவுக்கு அருகிலுள்ள ரஞ்சன்காவில் பியட்–டாட்டா கூட்டு நிறுவனத்தின் ஆலை அமைந்தது. தேவை மிகுந்ததால், 2012 சனவரியில் ரஞ்சன்காவ் ஆலையிலிருந்து ஆண்டுக்கு 1 இலட்சம் பொறிகள் வரை வாங்க மாருதி சுசூக்கி ஒப்பந்தம் செய்துகொண்டது. எனவே மாருதி தானுந்துகள் சிலவற்றில் பியட் ஆலையில் தயாரான பொறிகளும் இடம்பெற்றன.

2020 ஏப்ரல் 1 முதல் பாரத் நிலை-6 மாசு விதிகள் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தன. அவ்விதிகளுக்கு ஏற்ப இப்பொறியை மாற்றுவதற்கு ஆகும் செலவு சிறிய தானுந்துகளின் விலைக்குக் கட்டுப்படியாகாது என்ற நிலையில், மாருதி சுசூக்கி டீசல் தானுந்துகளையே கைவிட்டது. செவ்ரோலெட் 2017 இறுதியிலேயே இந்திய விற்பனையை நிறுத்தியிருந்தது. பியட் பெயரிலான தானுந்துகளின் உற்பத்தியும் 2020 க்கு முன்னரே நின்றுவிட்டது.

அமைப்பு

- கொள்ளளவு: 1248 கன செ.மீ.
- உருளைகள்: 4, நேர்வரிசை
- உருளை விட்டம்: 69.6 மி.மீ.
- உந்துருளை (பிஸ்டன்) வீச்சு: 82 மி.மீ.
- வால்வுகள்: 16 (உருளைக்கு 4)
- கேம் தண்டுகள்: 2, உருளைத் தலையில்
- கேம் இயக்கம்: சங்கிலி
- எரியும் வரிசை: 1-3-4-2
- உருளைக் கட்டை: வார்ப்பிரும்பு
- உருளைத் தலை: அலுமினியக் கலவை

மல்டிஜெட் என்ற பெயர், ஒரு சுழற்சியில் டீசலை ஒரே முறையில் செலுத்தாமல் பல சிறு பகுதிகளாகப் பிரித்துச் செலுத்தும் முறையைக் குறிக்கிறது. இப்பொறியால் ஒரு சுழற்சியில் ஐந்து முறை வரை டீசலைத் தெளிக்க இயலும். முதலில் தெளிக்கப்படும் சிறு அளவு எரிந்து உருளையை வெப்பமாக்குவதால், அடுத்து வரும் பெரிய அளவு சீராக எரிகிறது. இதனால் டீசல் பொறிக்கே உரிய தட்டும் ஓசையும் புகையும் குறைகின்றன.

பெயர்களும் வகைகளும்

ஒரே பொறி பின்வரும் பெயர்களில் வழங்கப்பட்டது:

- மாருதி சுசூக்கி – டிடிஐஎஸ்: சுவிஃப்ட் (2007), டிசையர் (2008), ரிட்ஸ் (2009), எஸ்எக்ஸ்4 (2011), எர்டிகா (2012), சியாஸ் (2014), எஸ்-கிராஸ், பலேனோ (2015), விட்டாரா பிரெசா (2016), இக்னிஸ் (2017). பொறிக் குறியீடு டி13ஏ.
- டாட்டா – குவாட்ராஜெட்: இண்டிகா விஸ்டா (2008), இண்டிகோ மான்சா (2009), செஸ்ட் (2014), போல்ட் (2015).
- பியட் – மல்டிஜெட்: பாலியோ (2007), லினியா, கிராண்டே புன்டோ (2009), அவெஞ்சுரா (2014).
- செவ்ரோலெட் – ஸ்மார்டெக்: செயில் யு-விஏ (2012), செயில், என்ஜாய் (2013).
- பிரீமியர்: ரியோ.

ஐரோப்பாவில் ஓப்பல் நிறுவனம் இதனை சிடிடிஐ என்ற பெயரில் பயன்படுத்தியது. வெளிநாட்டு உதிரிப்பாகப் பட்டியல்களில் இசட்13டிடி, 199ஏ2000, 199ஏ3000 போன்ற குறியீடுகளில் இதனைக் காணலாம்.

ஆற்றலைப் பொறுத்து இந்தியப் பொறிகளை இரு பெரும் வகைகளாகப் பிரிக்கலாம்.

*75 குதிரைத்திறன் வகை.* இதில் நிலையான இதழ் அமைப்புடைய சிறிய டர்போ உள்ளது. முறுக்குவிசை ஏறத்தாழ 190 நியூட்டன் மீட்டர். சுவிஃப்ட், டிசையர், ரிட்ஸ், பலேனோ, இக்னிஸ், விஸ்டாவின் பெரும்பாலான வகைகள், போல்ட் ஆகியன இவ்வகை.

*90 குதிரைத்திறன் வகை.* இதன் டர்போவினுள் கழிவுப்புகையின் போக்கை வேகத்திற்கு ஏற்பத் திருப்பும் அசையும் இதழ்கள் உள்ளன. முறுக்குவிசை ஏறத்தாழ 200 நியூட்டன் மீட்டர். எஸ்எக்ஸ்4, எர்டிகா, சியாஸ், விட்டாரா பிரெசா, மான்சா, லினியா ஆகியன இவ்வகை. செஸ்டில் இரு வகைகளும் விற்கப்பட்டன.

ஒத்த தோற்றமுள்ள வேறு பொறிகள்

பின்வரும் பொறிகள் 1.3 மல்டிஜெட் என்று தவறாகக் கருதப்படுவதுண்டு:

- செவ்ரோலெட் பீட் டீசல் (2011): மூன்று உருளைகளும் 936 கன செ.மீ. கொள்ளளவும் கொண்டது. 1.3 பொறியின் வடிவமைப்பை அடிப்படையாகக் கொண்டதேயாயினும் தனிப் பொறி. இதுவும் ஸ்மார்டெக் என்ற பெயரிலேயே விற்கப்பட்டது.
- எஸ்-கிராஸ் 1.6 (2015): பியட்டின் 1.6 லிட்டர் பொறி.
- செலேரியோ டீசல் (2015): சுசூக்கி தானே உருவாக்கிய 793 கன செ.மீ. இரட்டை உருளைப் பொறி.
- சியாஸ், எர்டிகா 1.5 (2019): சுசூக்கியின் சொந்தப் பொறி. ஓராண்டு காலமே விற்பனையில் இருந்தது.
- இண்டிகா, இண்டிகோ, விஸ்டா ஆகியவற்றின் 1.4 லிட்டர் டீசல் பொறிகள்: டாட்டாவின் சொந்தப் பொறிகள். விஸ்டா ஒரே காலத்தில் 1.4 பொறியுடனும் 1.3 குவாட்ராஜெட் பொறியுடனும் விற்கப்பட்டதால் குழப்பம் மிகுதி.

பொறியை இனங்காணல்

தானுந்தின் பெயரையும் ஆண்டையும் மட்டும் கொண்டு பொறியை உறுதி செய்ய இயலாது. பின்வரும் வரிசையில் சரிபார்த்தல் நன்று.

1. *பதிவுச் சான்று.* இதில் கன கொள்ளளவு, பொறி எண், அடிச்சட்ட எண், தயாரிப்பு மாதமும் ஆண்டும் குறிக்கப்பட்டிருக்கும். கொள்ளளவு 1248 என்று இருத்தல் வேண்டும். 936, 1396, 1405, 1498, 1598 போன்ற எண்கள் இருப்பின் அது வேறு பொறி.
2. *பொறி எண்.* இது உருளைக் கட்டையின் மீது பொறிக்கப்பட்டிருக்கும். மாருதி தானுந்துகளில் டி13ஏ என்று தொடங்கும். சான்றில் உள்ள எண்ணும் கட்டையில் உள்ள எண்ணும் ஒன்றாக இல்லையெனில் பொறி எப்போதோ மாற்றப்பட்டுள்ளது என்று பொருள்.
3. *அடிச்சட்ட எண்.* 17 இடங்கள் கொண்ட இவ்வெண்ணின் முதல் மூன்று எழுத்துகள் தயாரிப்பாளரைக் குறிக்கும். எம்ஏ3 என்பது மாருதி சுசூக்கி. எம்ஏடி என்பது டாட்டா. எம்சிஏ என்பது பியட் இந்தியா. எம்ஏ6 என்பது செனரல் மோட்டார்ஸ் இந்தியா.
4. *மாசு விதி நிலை.* 2010 ஏப்ரலில் சென்னை உள்ளிட்ட 13 நகரங்களில் மட்டும் பாரத் நிலை-4 நடைமுறைக்கு வந்தது. திருச்சிராப்பள்ளி போன்ற பிற ஊர்களில் நிலை-3 தானுந்துகள் தொடர்ந்து பதிவாயின. நாடு முழுவதற்கும் நிலை-4 என்பது 2017 ஏப்ரலில்தான் வந்தது. ஆகவே ஒரே மாதத்தில் தயாரான இரு சுவிஃப்ட் தானுந்துகளில் ஒன்று நிலை-3 ஆகவும் மற்றொன்று நிலை-4 ஆகவும் இருக்கக்கூடும். கட்டுப்பாட்டு அலகு, கழிவுப்புகை மறுசுழற்சி அமைப்பு (இஜிஆர்) போன்ற பாகங்களை வாங்கும்போது இது முக்கியமாகும்.
5. *பாகத்தின் மீதுள்ள எண்.* டர்போ, இன்ஜெக்டர், உயர் அழுத்தப் பம்பு, கட்டுப்பாட்டு அலகு ஆகியவற்றின் மீது அவற்றைத் தயாரித்த நிறுவனத்தின் எண் இருக்கும். இறுதி முடிவு இவ்வெண்ணைக் கொண்டே எடுக்கப்பட வேண்டும்.

பாகங்களின் பொருத்தம்

*பெரும்பாலும் பொதுவானவை:* உந்துருளை, வளையங்கள், கிராங்க் தண்டு, தாங்கிகள் (பேரிங்), வால்வுகள், ராக்கர்கள், டைமிங் சங்கிலித் தொகுதி. எனினும் உந்துருளையின் மேற்குழிவு தலைமுறைக்குத் தலைமுறை மாறியிருப்பதால் பழைய பாகத்துடன் ஒப்பிட்டே வாங்க வேண்டும்.

*வகைக்கு வகை வேறுபடுபவை:* டர்போ, இன்ஜெக்டர், கட்டுப்பாட்டு அலகு, மறுசுழற்சி வால்வு, உணரிகள் (சென்சார்). 75 வகையின் டர்போவை 90 வகையில் பொருத்த இயலாது. இன்ஜெக்டர்களில் அவற்றின் நுண்ணளவைக் குறிக்கும் குறியீடு பொறிக்கப்பட்டிருக்கும்; புதியதைப் பொருத்தும்போது அக்குறியீட்டைக் கணினிக் கருவி மூலம் கட்டுப்பாட்டு அலகில் பதிய வேண்டிய வகைகளும் உண்டு. கட்டுப்பாட்டு அலகு திருட்டுத் தடுப்புப் பூட்டுடன் இணைக்கப்பட்டிருப்பதால், வேறொரு தானுந்திலிருந்து கழற்றியதை அப்படியே மாட்டினால் வண்டி கிளம்பாது.

*தானுந்துக்குத் தானுந்து வேறுபடுபவை:* பொறித் தாங்கு கட்டைகள், எண்ணெய்த் தொட்டி, காற்றுக் குழாய்கள், மின்கம்பித் தொகுதி, கிளட்ச், பல்சக்கரப்பெட்டி. 2015 முதல் சியாஸ், எர்டிகா ஆகியவற்றில் வந்த எஸ்எச்விஎஸ் கலப்பு அமைப்பில் ஆல்டர்னேட்டருக்குப் பதிலாக, பொறியைக் கிளப்பவும் செய்யும் மின்னாக்கி உள்ளது. இவற்றிடையே மாற்றிப் பொருத்த இயலாது.

உதிரிப்பாக எண்கள்

ஒரே பாகத்திற்கு ஒவ்வொரு நிறுவனமும் வெவ்வேறு எண் இட்டுள்ளது. மாருதி எண்களில் முதல் ஐந்து இலக்கங்கள் பாகத்தின் வகையைக் குறிக்கும். எடுத்துக்காட்டாக 16510 என்பது எண்ணெய் வடிகட்டி. அதன் பின் வருவது எந்த வகைத் தானுந்துக்கு உரியது என்பதைக் காட்டும். பியட்–செனரல் மோட்டார்ஸ் கூட்டின் காலத்துப் பாகங்கள் பல 55 என்று தொடங்கும் எட்டு இலக்க எண் கொண்டவை. அவ்வெண்கள் பியட், ஓப்பல் ஆகிய இரண்டின் பட்டியல்களிலும் காணப்படும். போஷ் இன்ஜெக்டர்களின் பத்து இலக்க எண் 0445110 என்றும், உயர் அழுத்தப் பம்புகளின் எண் 044501 என்றும் தொடங்கும்.

இதனால் ஒரு பயன் உண்டு. செவ்ரோலெட் அல்லது பியட் தானுந்துக்கு நிறுவனப் பெட்டியில் பாகம் கிடைக்காதபோது, போஷ் எண்ணைக் கொண்டு தேடினால் அதே பாகம் நேரடியாகக் கிடைக்கக்கூடும். முழு எண்ணும் ஒத்திருக்க வேண்டும். இறுதி மூன்று இலக்கங்கள் மாறினால் அது வேறு பாகம்.

பாகங்கள் கிடைக்கும் வழிகள்

மாருதி தானுந்துகளே எண்ணிக்கையில் மிகுதி என்பதால், அவற்றுக்கான பாகங்கள் சிறு நகரங்களிலும் எளிதில் கிடைக்கின்றன. லால்குடி போன்ற வட்டத் தலைநகர்களில் வடிகட்டி, எண்ணெய், கிளட்ச் தட்டு போன்ற அன்றாடப் பாகங்கள் கிடைக்கும். இன்ஜெக்டர் சோதனை, டர்போ பழுதுபார்ப்பு, உருளைத் தலை சமப்படுத்தல் போன்றவற்றுக்குக் கொள்ளிடத்தையும் காவிரியையும் கடந்து திருச்சிராப்பள்ளி நகரத்தின் டீசல் பம்பு நிலையங்களையும் லேத் பட்டறைகளையும் நாடுவது வழக்கம். அங்கும் கிடைக்காதவை சென்னையிலிருந்து பேருந்துப் பொதியாக வரவழைக்கப்படுகின்றன.

சென்னையில் புதிய பாகங்களுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் சாலையும், கழற்றிய பழைய பாகங்களுக்கு எழும்பூரை அடுத்த புதுப்பேட்டையும் அறியப்பட்டவை. தொலைவிலிருந்து வாங்குவோர் தானுந்தின் பெயரைச் சொல்லிக் கேட்பதைவிட, அடிச்சட்ட எண், பொறி எண், பழைய பாகத்தின் எண் தெரியும் ஒளிப்படம் ஆகிய மூன்றையும் அனுப்புவது திருப்பி அனுப்பும் செலவைத் தவிர்க்கும். வாடகைத் தானுந்து ஓட்டுநர்களைப் பொருத்தவரை வண்டி நிற்கும் ஒவ்வொரு நாளும் வருமான இழப்பு என்பதால் இது மேலும் முக்கியமாகும்.

நிறுவனப் பெயருடன் போலிப் பாகங்களும் சந்தையில் உள்ளன. பெட்டியில் தயாரிப்பாளர் பெயர், தயாரித்த மாதம், அதிகபட்ச விலை ஆகியன அச்சிடப்பட்டிருப்பதையும், ஜிஎஸ்டி பட்டியல் தரப்படுவதையும் உறுதி செய்தல் வேண்டும்.

பழைய பொறியை வாங்கிப் பொருத்துதல்

முழுப் பொறியும் பழுதடைந்தால் கழற்றிய பொறி ஒன்றை வாங்கிப் பொருத்துவது செலவைக் குறைக்கும். அவ்வாறு செய்யும்போது அப்பொறி இருந்த தானுந்தின் பதிவுச் சான்று நகலையும் விற்பனைப் பட்டியலையும் கேட்டுப் பெற வேண்டும். பொறி எண் தேய்க்கப்பட்டோ மீண்டும் பொறிக்கப்பட்டோ இருப்பின் அது திருட்டு வண்டியின் பொறியாக இருக்கக்கூடும்.

1988 ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52 ஆவது பிரிவின்படி, பொறி மாற்றத்தை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திற்குத் தெரிவித்துப் பதிவுச் சான்றில் புதிய எண்ணைச் சேர்க்க வேண்டும். டிஎன்-48 என்ற குறி கொண்ட தானுந்தாயின் அது திருவரங்கம் அலுவலகத்தில் பதிவானது. டிஎன்-45, டிஎன்-81 ஆகியன திருச்சிராப்பள்ளி மேற்கு, கிழக்கு அலுவலகங்களுக்கு உரியவை. எண் சேர்க்கப்படாத தானுந்துக்குக் காப்பீட்டு இழப்பீடு பெறுவதிலும், உரிமை மாற்றத்திலும், 15 ஆண்டுகளுக்குப் பின் பதிவைப் புதுப்பிப்பதிலும் சிக்கல் எழும். இப்பொறியுடன் முதலில் விற்பனையான 2007 ஆம் ஆண்டுத் தானுந்துகள் 2022 இலேயே இப்புதுப்பிப்பு நிலையை எட்டிவிட்டன. தில்லியில் விதிக்கப்பட்டதைப் போல 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகளுக்கான தடை தமிழ்நாட்டில் இல்லாததால், தகுதிச் சான்றும் பசுமை வரியும் செலுத்தி இவற்றை இங்குத் தொடர்ந்து ஓட்ட இயல்கிறது.

பராமரிப்பு

இப்பொறியின் எண்ணெய்க் கொள்ளளவு ஏறத்தாழ 3 லிட்டர் மட்டுமே. அளவு சிறிதென்பதால் அரை லிட்டர் குறைந்தாலும் விளைவு பெரிது. டைமிங் சங்கிலியை இறுக்கிப் பிடிக்கும் அமைப்பு எண்ணெய் அழுத்தத்தால் இயங்குவது. எண்ணெய் குறைந்தாலோ பழையதாகிக் கெட்டியானாலோ சங்கிலி தளர்ந்து, பல் தாண்டி, ராக்கர்கள் முறியக்கூடும். காலையில் வண்டியைக் கிளப்பும்போது பொறியின் பக்கவாட்டிலிருந்து சலசலக்கும் ஓசை சில நொடிகளுக்கு மேல் நீடிப்பது இதற்கான முன்னறிகுறி.

டர்போவின் தண்டும் இதே எண்ணெயால் உயவூட்டப்படுவது. நெடுந்தொலைவு வேகமாக ஓடியபின் பொறியை உடனே நிறுத்தாமல் சிறிது நேரம் மெதுவோட்டத்தில் விடுவது டர்போவின் ஆயுளை நீட்டிக்கும். டீசல் வடிகட்டியில் சேரும் நீரை அவ்வப்போது வடித்துவிடுதல் வேண்டும். நீர் கலந்த டீசல் உயர் அழுத்தப் பம்பையும் இன்ஜெக்டர்களையும் பழுதாக்கும். குறுகிய தொலைவே ஓடும் தானுந்துகளில் மறுசுழற்சி வால்வில் கரி படிந்து இழுவை குறைவதுண்டு. பெரும்பாலும் அதனைத் தூய்மை செய்தாலே போதும். டர்போவை மாற்றத் தேவையிருக்காது.

இவற்றையும் பார்க்க

- டீசல் பொறி
- உள் எரி பொறி
- பாரத் மாசு விதிகள்
- மாருதி சுசூக்கி